ராஜபாளையம் பின்கோடு பகா எண்... ஸ்ரீவில்லிபுத்தூர் பின்கோடு? உங்க யுபிஐ பணத்தைக் காக்கும் பெரிய எண்ணின் கதை | விளக்கம்

விருதுநகர் மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். ஒரு ஊரின் பின்கோடு 626117. இன்னொரு ஊரின் பின்கோடு 626125. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 8தான். ஆனால் கணக்கு வாத்தியார் கண்ணுக்கு இரண்டும் வேற வேற ரகம்.

626125-ஐப் பார்த்ததுமே சொல்லிடலாம். கடைசி இலக்கம் 5. அதனால் 5-ஆல் வகுபடும். மூன்று தடவை 5-ஆல் வகுத்தால் 5009 மிஞ்சும். அதற்கு மேல் உடையாது. அதாவது 626125 = 5 × 5 × 5 × 5009.

ராஜபாளையத்தின் 626117 அப்படி இல்லை. 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது. அதாவது, பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தப் பகா எண்.

"சரி, இதைத் தெரிஞ்சு நமக்கு என்ன ஆகப்போகுது?"ன்னு கேக்குறீங்களா? ராஜபாளையத்தில் இருக்கும் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்கு யுபிஐ-யில் 300 ரூபாய் அனுப்புகிறார். ரேஷன் கடையில் பாட்டி விரல் ரேகை வைக்கிறார். இ-சேவை மையத்தில் ஒரு மாணவர் டிஜிட்டல் கையெழுத்து போட்ட வருமானச் சான்றிதழ் வாங்குகிறார். இந்த மாதிரி வேலைகள் பலவற்றின் பின்னால் நிற்பது ஒரே ஒரு கணக்கு: பெரிய எண்ணை அதன் பகாக் காரணிகளாக உடைப்பது ரொம்ப கஷ்டம்.

அந்தக் கஷ்டம் இன்னும் எத்தனை வருஷத்துக்குத் தாங்கும் என்பதுதான் இப்போது உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் விவாதம். 2030, 2035 என்று தேதியே குறித்துவிட்டார்கள். என்ன நடக்குது? நம்ம பணத்துக்கு ஆபத்து இருக்கா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

626117 பகா எண்தான்னு எப்படிச் சொல்றது?

எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாக உடைக்க முடியும் என்றால், அதில் ஒன்றாவது சின்னதாக இருந்தே ஆகணும். 791 × 791 = 625681. 792 × 792 = 627264. நம்ம 626117 இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எனவே அதை உடைக்கும் எண் ஒன்று இருந்தால், அது 791-க்குள் இருக்க வேண்டும்.

791-க்குள் மொத்தம் 138 பகா எண்கள் இருக்கின்றன: 2, 3, 5, 7, 11 என்று தொடங்கி 787 வரை. இந்த 138 எண்களாலும் வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் மீதி வரும். 157-ஆல் வகுத்தால் மீதி 1. கிட்ட வந்து தப்பிக்கும். அவ்வளவுதான், 626117 பகா எண் என்பது உறுதி.

இங்கே ஒரு விஷயம். பின்கோடு பகா எண்ணாக வந்ததால் ஊருக்கு ராசின்னு யாராவது வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு போட்டால் நம்ப வேண்டாம். 6 லட்சத்தை ஒட்டிய எண்களில் சராசரியாக 13-க்கு ஒன்று பகா எண்தான். பின்கோட்டில் முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளா பக்கத்தைக் குறிக்கும். கடைசி மூன்று இலக்கம் தபால் நிலையத்தைக் குறிக்கும். யாரும் கணக்குப் பார்த்து வைத்த எண் இல்லை.

பெருக்குறது சுலபம்... உடைக்கிறது?

இப்போது ஒரு சின்ன விளையாட்டு. ராஜபாளையத்திலிருந்து 626117-ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பின்கோட்டுக்குள் ஒளிந்திருந்த 5009-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டும் பகா எண்கள். பெருக்கினால்:

5009 × 626117 = 3136220053

பத்து இலக்கம். பார்க்க செல்போன் நம்பர் மாதிரியே இருக்கும். பேப்பர், பேனா இருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட இந்தப் பெருக்கலைப் போட்டுவிடும்.

இப்போது தலைகீழாகக் கேட்போம். ஊர், பின்கோடு எதையும் சொல்லாமல், 3136220053 என்ற எண்ணை மட்டும் ஒருத்தரிடம் கொடுத்து, "இது எந்த இரண்டு எண்ணின் பெருக்கல்?"னு கேட்டால்? 2-ஆல் வகுக்கணும், 3-ஆல் வகுக்கணும், 5, 7, 11... இப்படி பகா எண்களை வரிசையாக முயற்சி செய்தால், 671-வது முயற்சியில்தான் 5009 வரும். ஒரு வகுத்தலுக்கு ஒரு நொடி என்றாலே 11 நிமிஷம் ஆகும்.

போகும்போது ஒரே ஒரு பெருக்கல். திரும்பும்போது 671 வகுத்தல். இந்த ஒருவழிப் பாதைதான் மொத்த விஷயமும். பத்து இலக்கத்தை கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும். ஆனால் எண் பெரிதாகப் பெரிதாக, பெருக்கும் வேலை கொஞ்சமாகத்தான் கூடும். உடைக்கும் வேலை மலை மாதிரி ஏறிக்கொண்டே போகும்.

கோயில் உண்டியல் மாதிரி ஒரு பூட்டு

1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூன்று பேர் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் இந்த ஒருவழிப் பாதையை வைத்து ஒரு பூட்டு செய்தார்கள். மூவரின் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு ஆர்.எஸ்.ஏ என்று பெயர்.

புரிந்துகொள்ள ஆண்டாள் கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். காணிக்கையை யார் வேண்டுமானாலும் போடலாம். அதற்கு யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும் என்றால் சாவி வைத்திருப்பவர் வர வேண்டும்.

ஆர்.எஸ்.ஏ-யில் இரண்டு பகா எண்களைப் பெருக்கிக் கிடைக்கும் பெரிய எண்தான் உண்டியலின் வாய். அதை ஊரறிய வெளியிடுவார்கள். இதற்குப் பெயர் பொதுச் சாவி. உங்கள் போன் அந்த எண்ணை வைத்து ரகசியத்தைப் பூட்டி அனுப்பும். திறப்பதற்கு அந்த இரண்டு பகா எண்களும் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கும். இது தனிச் சாவி.

நீங்கள் யுபிஐ பின்னை டைப் செய்ததும், அது போனுக்குள்ளேயே பொதுச் சாவியால் பூட்டப்பட்ட பிறகுதான் வெளியே கிளம்புகிறது. ஆதாரில் விரல் ரேகை வைத்துச் சரிபார்க்கும்போதும் இதே கதைதான். ரேகைத் தகவலை ஒரு தற்காலிகச் சாவி பூட்டும்; அந்தத் தற்காலிகச் சாவியை ஆதார் ஆணையத்தின் 2048 பிட் ஆர்.எஸ்.ஏ பொதுச் சாவி பூட்டும்.

எவ்வளவு பெரிய எண்?

2048 பிட் என்றால் நம்ம வழக்கில் 617 இலக்கம். நம்ம விளையாட்டில் இருந்தது 10 இலக்கம். இதில் 617 இலக்கம். ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் அடங்கிவிடும். ஆனால் அதை உடைத்தால் வரும் இரண்டு பகா எண்களும் ஒவ்வொன்றும் 300 இலக்கத்துக்கு மேல்.

அந்த அளவுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன? 1-க்குப் பின்னால் 305 பூஜ்ஜியம் போட்டால் என்ன வருமோ, அதைவிட அதிகம். வரிசையாக வகுத்துப் பார்க்கிற கதை இங்கே எடுபடாது. பிரபஞ்சம் தோன்றி ஆன மொத்த நொடிகளையே 18 இலக்கத்தில் எழுதிவிடலாம்.

அவ்வளவு பெரிய பகா எண்ணை எங்கே போய்த் தேடுறது?

நல்ல கேள்வி. உடைக்கவே முடியாத எண் என்றால், அது பகா எண்ணா இல்லையான்னு மட்டும் எப்படித் தெரியும்?

இங்கேதான் பெரிய எண்களின் வினோதம் இருக்கிறது. ஒரு எண்ணின் காரணிகளைக் கண்டுபிடிக்காமலே, அது பகா எண்ணா என்று சோதித்துவிடலாம். இதற்கான முதல் யோசனை பிரெஞ்சுக்காரர் ஃபெர்மாவுடையது, 1640-ம் ஆண்டு. எண் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அந்த எண்ணைவிட ஒன்று குறைவான தடவை பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வரணும். 2 என்ற எண்ணுக்கு மட்டும் இது பொருந்தாது.

ராஜபாளையம் எண்ணுக்கு இதைச் செய்தால்? 2-ஐ 626116 தடவை பெருக்கணும். பயப்பட வேண்டாம்; ஒவ்வொரு தடவையும் வர்க்கம் எடுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் சுமார் 20 வர்க்கத்தில் வேலை முடிந்துவிடும். கடைசியில் மீதி சரியாக 1 வரும்.

ஆனால் இந்தச் சோதனையை ஏமாற்றும் போலிகள் உண்டு. அதில் ஒன்று நமக்கு ரொம்பப் பழக்கமான எண்: 1729. ராமானுஜன் எண் என்று கொண்டாடுகிறோமே, அதேதான். இரண்டு விதமாக இரண்டு கன எண்களின் கூட்டலாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்பது அதன் ஒரு முகம். இன்னொரு முகம்: அது 7 × 13 × 19. பகா எண்ணே இல்லை. ஆனாலும் ஃபெர்மா சோதனையில் 2-ஐ வைத்தாலும் 3-ஐ வைத்தாலும் மீதி 1 என்றே காட்டி, பகா எண் மாதிரி வேஷம் போடும். இதனால்தான் இன்றைய மென்பொருள்கள் இன்னும் கடுமையான சோதனைகளைப் பயன்படுத்துகின்றன.

எந்த எண்ணாக இருந்தாலும், ஒருபோதும் ஏமாறாமல், நியாயமான நேரத்தில் விடை சொல்லும் முறை இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு 2002 ஆகஸ்டில் பதில் சொன்னது கான்பூர் ஐஐடி. பேராசிரியர் மணீந்திர அகர்வால், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கொடுத்த முறைக்கு அவர்கள் பெயராலேயே ஏ.கே.எஸ் என்று பெயர். 2006-ல் கோடல் பரிசு கிடைத்தது.

ஆக, பகா எண்ணை அடையாளம் காண்பது சுலபம். 300 இலக்க அளவில்கூட சராசரியாக 700-க்குச் சற்று மேல் எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக வரும் என்பதால், போன் கொஞ்சம் தேடினாலே கிடைத்துவிடும். பெருக்கிய பிறகு பிரிப்பதுதான் கஷ்டம்.

ஒரு காலத்தில் இது எதற்கும் உதவாத கணக்கு

ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைத்த ஹார்டி, 1940-ல் வெளியான தன் புத்தகத்தில், எண் கோட்பாட்டுக்கு நடைமுறைப் பயன் எதுவும் கிடையாது என்ற பொருளில் எழுதினார். அதைப் பெருமையாகவும் நினைத்தார்.

அதே காலத்தில் நம்ம பக்கத்திலும் ஒருவர் இந்தக் கணக்கில் உழைத்துக்கொண்டிருந்தார். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் குற்றாலம் பக்கத்தில் வல்லம். அந்த ஊரைச் சேர்ந்தவர் எஸ்.எஸ்.பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தபடியே, உலகக் கணிதவியலாளர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்த வாரிங் கணக்கில் முக்கியமான முடிவுகளைக் கண்டுபிடித்தார். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம்படி எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று நிரூபித்தது அவர்தான். 1950 ஆகஸ்ட் 31-ல், அமெரிக்காவில் நடக்கவிருந்த சர்வதேசக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் உயிரிழந்தார். அதற்கு 27 வருஷம் கழித்துத்தான் எண் கோட்பாடு உலகத்தின் கஜானாவுக்குப் பூட்டாக மாறியது.

பூட்டை இதுவரை யாரும் உடைக்கலையா?

சின்னப் பூட்டுகளை உடைத்திருக்கிறார்கள். 1977-லேயே 129 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, உடைப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். அதை உடைக்க 400 கோடி கோடி வருஷம் ஆகும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். நடந்தது வேறு. 1994-ல், இணையம் வழியாகச் சேர்ந்த சுமார் 600 தன்னார்வலர்கள் அதை உடைத்துவிட்டார்கள். ஆன காலம் 17 வருஷம்.

கம்ப்யூட்டர் வேகம் கூடியது ஒரு காரணம். இன்னொன்று, காரணி கண்டுபிடிக்கும் புதுப்புது வழிகளைக் கணிதவியலாளர்கள் கண்டுபிடித்தது. 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று உடைந்தது. ஒரே ஒரு பிராசசர் கோர் மட்டும் ஓடியிருந்தால் அதற்கு 2,700 வருஷம் ஆகியிருக்கும்; ஆயிரக்கணக்கில் சேர்த்து ஓட்டியதால் சில மாதங்களில் முடித்தார்கள்.

250-க்கே இந்தப் பாடு என்றால் 617 இலக்கம் இரண்டரை மடங்கு கஷ்டம் என்று கணக்குப் போடக் கூடாது. கோடிக்கணக்கான மடங்கைத் தாண்டிப் போகும். இன்றைக்கு இருக்கும் எந்த சூப்பர் கம்ப்யூட்டராலும் முடியாது.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பெரிய எண்ணை உடைக்க சுலபமான வழி கிடையாது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இத்தனை பேர் இத்தனை வருஷம் தேடியும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உலகத்தின் டிஜிட்டல் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்த "கிடைக்கவில்லை"யின் மேல்தான் நிற்கிறது.

ஒரே பகா எண்ணை ரெண்டு பேர் வெச்சா?

எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு சின்ன அலட்சியம் போதும், பூட்டு பொலபொலவென்று உதிர்ந்துவிடும். நம்ம விளையாட்டை வைத்தே பார்க்கலாம்.

ஒரு கடையின் பூட்டு எண் 3136220053. இன்னொரு கடையின் பூட்டு எண் 3137472287. தனித்தனியாக உடைப்பது சிரமம். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால்?

3137472287 − 3136220053 = 1252234

இதை 2-ஆல் வகுத்தால் 626117. ராஜபாளையம் வெளியே வந்துவிட்டது பாருங்க! 671 வகுத்தல் தேவைப்பட்ட இடத்தில் ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். காரணம்: முதல் எண் 5009 × 626117. இரண்டாவது 5011 × 626117. இரண்டு கடையும் ஒரே பகா எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். நிஜத்தில் எல்லா நேரமும் ஒரே கழித்தலில் முடியாது. ஆனால் பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணி முறையில், கழித்துக் கழித்துப் போனாலே பொதுவான எண் சீக்கிரம் வந்துவிடும். 617 இலக்கமாக இருந்தாலும் இது நொடிக் கணக்குதான்.

இது கற்பனை இல்லை. 2012-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்தில் இருந்த லட்சக்கணக்கான பொதுச் சாவிகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தன. ஆயிரக்கணக்கான சாவிகள் ஒரே பகா எண்ணைப் பகிர்ந்திருந்தன. பெரும்பாலும் ரவுட்டர் போன்ற சின்னக் கருவிகள். ஆன் செய்ததும் அவசரமாகச் சாவி தயாரித்தபோது, எண்ணைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கல் சரியாக நடக்கவில்லை.

அப்போ குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா என்ன ஆகும்?

இதுதான் இப்போதைய தலைப்புச் செய்தி. 1994-ல் பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். போதுமான அளவு பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் இருந்தால், அந்த முறையில் பெரிய எண்களை வேகமாக உடைத்துவிடலாம். ஆர்.எஸ்.ஏ மட்டும் இல்லை. இப்போது பரவலாக இருக்கும் நீள்வட்ட வளைவு முறைப் பூட்டுகளும் அதில் அடங்கும்.

அப்படி ஒரு மெஷின் இன்று இல்லை. 2001-ல் ஐபிஎம் குழு ஷோர் முறையில் உடைத்துக் காட்டிய எண் என்ன தெரியுமா? 15. ஆமாம், மூவஞ்சு பதினைஞ்சு. 2012-ல் இன்னொரு குழு 21-ஐ உடைத்தது. நம்ம பின்கோடு அளவுக்குக்கூட இன்னும் எட்டவில்லை என்று சிரிக்கலாம்.

ஆனால் மதிப்பீடுகள் இறங்கும் வேகம்தான் நிபுணர்களை யோசிக்க வைக்கிறது. 617 இலக்க எண்ணை 8 மணி நேரத்தில் உடைக்க 2 கோடி க்யூபிட் வேண்டும் என்று 2019-ல் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவரான கூகுளின் கிரெய்க் கிட்னி, 2025 மே மாதம் புதிய கணக்கு வெளியிட்டார். 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முடியும் என்கிறது அது. ஆறு வருஷத்தில் தேவை இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. கூகுள் 2024 டிசம்பரில் அறிவித்த வில்லோ சிப்பில் இருப்பது 105 க்யூபிட்.

105-க்கும் 10 லட்சத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. அது எப்போது நிரம்பும் என்று தேதி சொல்பவர்கள் எல்லாரும் ஊகம்தான் சொல்கிறார்கள். 1977-ன் 400 கோடி கோடி வருஷக் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? அதனால் யாரும் காத்திருக்கத் தயாராக இல்லை.

2030, 2035: தேதி குறித்தது யார்?

அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், 2024 ஆகஸ்ட் 13-ல் குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் தாக்குப்பிடிக்கும் மூன்று புதிய பூட்டு முறைகளை வெளியிட்டது. இவை பெரிய எண்ணை உடைக்கும் கஷ்டத்தை நம்பாமல், வேறு கணக்குகளை நம்புபவை. அதே ஆண்டு நவம்பரில் வந்த அதன் வரைவுத் திட்டம், 2048 பிட் ஆர்.எஸ்.ஏ-வை 2030-க்குப் பிறகு கைவிடத் தொடங்கணும், 2035-க்குப் பிறகு பயன்படுத்தவே கூடாது என்கிறது.

செயலிகள் ஏற்கெனவே மாறத் தொடங்கிவிட்டன. சிக்னல் 2023-லும், ஆப்பிளின் ஐமெசேஜ் 2024-லும் புதிய முறைகளைச் சேர்த்துக்கொண்டன.

இந்தியாவில் 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன் நான்கு மையங்களில், குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடி-யில், சி-டாட் நிறுவனத்துடன் சேர்ந்து அமைந்திருக்கிறது.

பணத்தைவிட பெரிய கவலை எது?

உண்மையில் யுபிஐ பணம் இதில் பெரிய கவலை இல்லை. இன்று அனுப்பிய 300 ரூபாயின் ரகசியத்தைப் பத்து வருஷம் கழித்து உடைத்து யாருக்கும் லாபம் கிடையாது. பின்னை மாற்றிவிடலாம். பூட்டையும் மாற்றிவிடலாம்.

கவலை, மாற்ற முடியாத விஷயங்களில் இருக்கிறது. பூட்டிய தகவலை இன்றே அள்ளிச் சேர்த்து வைத்துவிட்டு, குவாண்டம் மெஷின் வந்ததும் திறந்து பார்ப்பது ஒரு உத்தி. "இப்போ அள்ளி வை, அப்புறம் திற" என்ற இந்த ஆபத்தைப் பற்றித்தான் பாதுகாப்பு நிபுணர்கள் அதிகம் பேசுகிறார்கள். பாஸ்வேர்டு போனால் புதுசு போடலாம். விரல் ரேகையையும் கருவிழியையும் எங்கே போய் மாற்றுவது? இன்று ரேஷன் கடையில் ரேகை வைக்கும் இருபது வயதுக்காரருக்கு 2035-ல் சுமார் முப்பது வயசுதான். ரேகை அதேதான் இருக்கும். மருத்துவப் பதிவுகளும் அப்படித்தான்.

டிஜிட்டல் கையெழுத்தும் இதே வரிசையில் வரும். இந்தியாவில் சட்டப்படி செல்லும் டிஜிட்டல் கையெழுத்துகளுக்கும் 2048 பிட் ஆர்.எஸ்.ஏ சாவிகள் பயன்படுகின்றன. ஒரு சான்றிதழோ ஒப்பந்தமோ 30 வருஷம் கழித்து கோர்ட்டுக்கு வரலாம். அன்றைக்கு அந்தப் பூட்டு எண்ணை யாராலும் உடைக்க முடியும் என்றால், பழைய தேதியில் புதுக் கையெழுத்தைப் போட்டுக் காட்டவும் முடியும். எது அசல், எது போலி என்று எப்படிச் சொல்வது? பழைய ஆவணங்களுக்குப் புதிய பூட்டால் மறுபடியும் முத்திரை வைக்கும் வேலையை இப்போதே தொடங்கினால்தான் சரிவரும். சத்தமில்லாத வேலை, ஆனால் அவசரமான வேலை.

நாம என்ன செய்யணும்?

முதலில், பயந்து யுபிஐ-யை நிறுத்த வேண்டியதில்லை. 617 இலக்கப் பூட்டு இன்றைக்கு உறுதியாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, போனுக்கும் வங்கிச் செயலிக்கும் வரும் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். புதிய பூட்டு முறை உங்கள் கைக்கு வரப்போவது அந்த அப்டேட் வழியாகத்தான். வருஷக்கணக்கில் அப்டேட்டே வராத பழைய போனில் வங்கி வேலை பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, இதுதான் முக்கியம். தினமும் பணம் இழப்பவர்களின் கதைகளில் யாரும் 617 இலக்க எண்ணை உடைப்பதில்லை. போன் போட்டு, "சார், கேஒய்சி முடியப்போகுது, ஓடிபி சொல்லுங்க"ன்னு கேட்டு வாங்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டு உடைக்க முடியாத பூட்டை, பேசியே திறந்துவிடுகிறார்கள். 4 அல்லது 6 இலக்க யுபிஐ பின், பணம் அனுப்பும்போது தேவை. பணம் வாங்குவதற்கு பின் போடச் சொன்னால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்து புகார் கொடுங்கள்.

புதிய பூட்டுக்கு மாறும் காலத்தில் மோசடிக்காரர்களும் புதுக் கதையோடு வருவார்கள். "குவாண்டம் பாதுகாப்புக்கு உங்க அக்கவுண்டை மாத்தணும், இந்த லிங்க்கை அழுத்துங்க"ன்னு மெசேஜ் வந்தால் அழித்துவிடுங்கள். பூட்டை மாற்றுவது வங்கியும் செயலி நிறுவனமும் பின்னணியில் செய்யும் வேலை. அதற்கு உங்கள் ஓடிபி-யோ, பின்னோ ஒருபோதும் தேவைப்படாது.